பின் சீட்டுக்கு அடியில்

அந்தப் பட்டறைக்காரரை எல்லோரும் 'மூக்கர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரிதாக இருந்ததால் வந்த பெயரல்ல. பெட்ரோல் எங்கே கசிகிறது என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவார் என்பதால் வந்தது. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடப்பார், பின் சக்கரத்துப் பக்கம் குனிவார், "இந்த ஹோஸ்தான்" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருஷம் இப்படி ஓடியது. யாராவது வேடிக்கை பார்க்கிறார்கள் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்து, கூடுதலாகவே யோசித்து, ஆட்டத்தை ரசித்து ஆடுவார்.

போன வருஷம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது அந்த மூக்கு போய்விட்டது. சோப்பு மணக்கவில்லை, காப்பி வெறும் சுடுதண்ணீராகத் தொண்டையில் இறங்கியது. தானாக வந்துவிடும் என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். வரவில்லை. டாக்டரிடமும் போகவில்லை, யாரிடமும் மூச்சுவிடவும் இல்லை. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறிக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை மனைவி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். செய்தியில் மூழ்கிவிட்டதாகச் சமாளித்தார். பட்டறையில் மட்டும் பழையபடி குனிந்தார், மூச்சை இழுத்தார், தலையாட்டினார். கை பழகிய தொழில் என்பதால் பத்துக்கு எட்டு ஊகம் சரியாகவே இருந்தது.

அந்த நிலைமையில்தான் மருந்துக்கடை அம்மாவின் கார் மாசுச் சோதனையில் தோற்று வந்தது. தாளில் 'ஆவிக் கசிவு' என்று போட்டிருந்தது. டேங்கில் இருக்கும் பெட்ரோலிலிருந்து எழும் ஆவி வெளியே போகக் கூடாது. கரி நிரப்பிய டப்பா ஒன்றில் தங்கி, பிறகு இன்ஜினுக்குப் போய் எரிய வேண்டும். அந்தப் பாதையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சோதனை நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். அவருடைய ஒன்பது வயது மகள் பின் சீட்டில் உட்கார்ந்தாலே பெட்ரோல் வாடை வருகிறது என்கிறாளாம். தலைவலி, பாதி வழியில் வாந்தி. முன்னால் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டுவதால் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்றார்.

மூக்கர் பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீளமாக மூச்சை இழுத்தார்.

"வாடையே இல்லையேம்மா. சில பிள்ளைங்களுக்கு வண்டி ஆட்டம் ஒத்துக்காது. அதுக்கு மாத்திரை உங்க கடையிலயே இருக்குமே."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாவும் அசடு வழியச் சிரித்துவைத்தார்.

டேங்க் மூடியை மாற்றிக் கொடுத்தார். சோதனையில் மறுபடியும் தோற்றது. கரி டப்பாவை மாற்றினார். அதற்கும் அதே தாள்தான் வந்தது. மூன்றாம் முறை வந்தபோது அந்த அம்மா கோபப்படவில்லை. இந்த வாரத்துக்குள் முடியாவிட்டால் வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஒரு சத்தம் போட்டிருந்தால் மூக்கருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் மச்சானைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பிதான் அவன். அதே சாலையின் மறுகோடியில் பட்டறை வைத்திருந்தான். கசிவு பார்க்கும் புகை மெஷின் ஒன்றை அவன் வாங்கியபோது, மூக்கு இல்லாதவனுக்குத்தான் மெஷின் வேண்டும் என்று உறவுக்காரர்கள் முன்னால் இவர் கிண்டலடித்திருந்தார். அவன் அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஆவி போகும் குழாயில் புகையை ஏற்றினார்கள். பானட்டுக்கு அடியில் ஒன்றும் இல்லை. டேங்க் வாயிலும் இல்லை. டார்ச்சோடு சுற்றிவந்த மச்சான் பின் ஜன்னலருகே நின்றுவிட்டான்.

"மாமா, இங்க உள்ள பாருங்க."

பின் சீட்டின் மடிப்பிலிருந்து வெள்ளையாக ஒரு இழை எழுந்துகொண்டிருந்தது. முன் சீட்டின் பின்பக்கப் பையில் பிளாஸ்டிக் பைகள் அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தன. அந்த ஒன்பது வயதுப் பெண் வாந்தி எடுப்பதற்காக வைத்துக்கொண்டவை.

சீட்டைத் தூக்கினார்கள். அடியில் டேங்குக்குள் இறங்கியிருக்கும் பெட்ரோல் பம்பின் வட்ட மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் உப்பி, ஒரு பக்கம் நசுங்கி வெளியே பிதுங்கியிருந்தது. மூடியின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு. அது தன் வேலையில் மூக்கர் எப்போதும் போடும் அடையாளம். பத்து மாதத்துக்கு முன்னால் அந்தப் பம்பை மாற்றியது அவர்தான். அன்றைக்குப் புது வளையம் கைவசம் இல்லை, பழையதையே போட்டு இறுக்கினார். மூக்கு அதற்கு முன்பே போயிருந்தும், எப்போதும் போல வேலை முடிந்ததும் குனிந்து முகர்ந்து பார்த்தார். வாடை இல்லை என்று சீட்டைப் போட்டு மூடிவிட்டார்.

"யாரு மாமா இந்த வேலையப் பார்த்தது?"

"தெரியலை. வேற எங்கயாவது பார்த்திருப்பாங்க."

சொல்லிவிட்டுப் புது வளையம் எடுக்க உள்ளே போனார்.

புது வளையம் போட்டதும் வண்டி சோதனையில் தேறியது. அந்த அம்மா நேரில் வந்து நன்றி சொன்னார். ஒரு சின்ன ரப்பர்தான் என்று மூக்கர் பூசி மெழுகினார். அந்த அம்மா விடவில்லை. மகளுக்கு இப்போது வாந்தி நின்றுவிட்டதாம், மாத்திரை பிடித்துவிட்டதுபோல என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று நினைத்து இரண்டு தடவை கை நீட்டிவிட்டதையும் வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அன்று தட்டில் போட்டதை மூக்கர் அப்படியே ஒதுக்கிவைத்தார். மனைவி கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பால் தீஞ்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். இப்ப என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க."

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனார். ஆட்கள் விலகட்டும் என்று ஓரமாக நின்றார். ஒருவர் போனால் இருவர் வந்தார்கள். தன் பட்டறையில் நாலு பேர் முன்னால்தானே அந்த அம்மாவை அசடு வழியவைத்தோம் என்று தோன்ற, நாலு பேர் முன்னாலேயே சொன்னார். வளையத்தைப் பற்றியும், தன் மூக்கைப் பற்றியும், ஒன்றுவிடாமல். மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது.

அந்த அம்மா திட்டவில்லை. மூக்கரின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. "சாயங்காலம் வீட்டுக்கு வாங்கண்ணா. இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார்.

சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண் பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள். அவர் முடித்ததும் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் பொய் சொல்லலைல்ல?"

"இல்லடா" என்றார் அந்த அம்மா.

பெண் மறுபடியும் இவரைப் பார்த்தாள். "உங்களுக்கு எந்த வாடையுமே வராதா?"

"வராது பாப்பா."

"அப்புறம் ஏன் மோந்து பார்த்தீங்க?"

அவர் அவளுடைய நோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"வெக்கமா இருந்துச்சு பாப்பா. சொன்னா யாரும் வரமாட்டாங்கன்னு பயம். அதான்."

அவள் கணக்குக்குத் திரும்பிவிட்டாள். மன்னிப்பு கேட்டுவிட்டு வெளியே வந்தார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொல்லி யாரும் தடுக்கவில்லை, அதை எதிர்பார்க்கும் முகமும் அவரிடம் இல்லை.

மச்சானிடமும் உண்மையைச் சொன்னார். தனக்கு அன்றைக்கே மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது என்றான் அவன். அது இன்னும் வலித்தது. டாக்டரிடமும் போய்க் காட்டினார். வாசனை திரும்பினாலும் திரும்பலாம், உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். மூக்கர் தனக்கும் ஒரு புகை மெஷினுக்குச் சொல்லிவைத்தார். முகர்ந்து பாருங்களேன் என்று யாராவது கேட்டால், தனக்கு வாடை தெரியாது என்று சொல்லப் பழகிக்கொண்டார். அதைக் கேட்டு இரண்டு மூன்று பேர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மருந்துக்கடை அம்மா அதன் பிறகு அவரிடம் வரவில்லை. சில மாதம் கழித்து ஒரு சிக்னலில் அந்தக் கார் நிற்பதைப் பார்த்தார். பின் சீட்டில் கண்ணாடி ஏற்றியிருக்க, அந்தப் பெண் முழங்காலில் ஒரு புத்தகத்தை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்த்துவிடுவாளோ என்று விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். பச்சை விழுந்து வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகுதான் சாலையைக் கடந்தார்.