தோற்காத அணியின் இடம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஜெர்மனியின் பான் நகரத்துக் கணினி மையம் ஒன்றில், கணினி படிப்பதற்கான கார்டுகளில் துளையிடும் வேலை எனக்கு. சென்னையில் கணிதம் படித்தவள். கணவர் இயற்பியல் ஆய்வாளர். மையத்தில் ஓர் அமெரிக்கர் இருந்தார். வானிலைக் கணக்கு அவருடைய வேலை. கல்லூரிக் கால்பந்து அவருடைய பைத்தியம். காலால் உதைக்கும் பந்து அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம். சனிக்கிழமை அங்கே ஆடியதை ஞாயிறு இங்கே அமெரிக்கப் படையினரின் வானொலியில் கேட்டுக் குறித்து வருவார். திங்கள் மதிய இடைவேளையில் நான் கார்டுகளில் ஏற்றுவேன். கணினி அணிகளை வரிசைப்படுத்தும்.

கல்லூரிகள் ஏராளம் என்பதால் எல்லோரும் எல்லோருடனும் மோத முடியாது. இறுதிப் போட்டி என்றும் ஒன்று கிடையாது. பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஒரு வரிசை தருவார்கள். பயிற்சியாளர்களின் ஓட்டு தனி. சில வருடங்களில் இரண்டு சாம்பியன்கள் கூட உண்டு.

“யார் ஜெயிச்சதுன்னு ஓட்டுப் போட்டுத்தான் தெரிஞ்சுக்குவீங்களா?” என்று கேட்டேன்.

“அஞ்சு நாள் கிரிக்கெட் ஆடிட்டு, யாரும் ஜெயிக்கலன்னு கைகுலுக்கிட்டுப் போறவங்க நீங்க. பேசாதீங்க,” என்றார். “அதுக்குத்தான் கம்ப்யூட்டர். அதுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது.”

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. மூத்த மகள் அப்போது நான்காம் வகுப்பு. இந்த நாட்டில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கிம்னாசியம் போனால் பல்கலைக்கழகம். ஹௌப்ட்ஷூலே போனால் சீக்கிரமே ஒரு கைத்தொழில். பிரிப்பது வகுப்பாசிரியையின் பரிந்துரை. இவளோ மாட்டு டாக்டராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மதிப்பெண்கள் ஒன்றும் இரண்டுமாக இருந்தன. இங்கே ஒன்றுதான் உச்சம். கவலைப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

பள்ளி விட்டதும் மையத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவளும் ஓர் அணியைப் பிடித்துக்கொண்டாள்: மலைப்பக்கத்துச் சிறு கல்லூரி ஒன்று. நவம்பர் வரை ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனால் வரிசையில் எங்கோ அடியில் கிடந்தது.

“தோக்கவே இல்லையே, ஏன் கீழ இருக்கு?” என்று கேட்டாள். நான் அதை அமெரிக்கரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

“எல்லா அணிக்கும் ஒரு தொடக்க மதிப்பு கொடுக்கணும், குட்டி. போன வருஷம் இருந்த இடத்தை வெச்சுக் கொடுக்கிறேன்,” என்றார் அவர். “அதோட இவங்க ஜெயிச்சதெல்லாம் பேர் தெரியாத அணிகளை.”

அவர் அனுமதியோடு எல்லா அணிகளுக்கும் ஒரே தொடக்க மதிப்பைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். மலைப்பக்கத்து அணி உச்சிக்கு அருகில் வந்து நின்றது. மகள் கைதட்டினாள். அமெரிக்கர் முதலில் சிரித்தார். பிறகு தாளை மேசைமேல் வைத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“பேப்பர்ல வந்த வரிசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வெளிய காட்டினா கம்ப்யூட்டருக்குக் கோளாறுன்னுதான் சொல்வாங்க.”

அதன்பின் அவர் எண்களை மாற்றிக்கொண்டே இருந்தார், கணினியின் வரிசை ஓட்டுப் போட்டவர்களின் வரிசையைப் போல ஆகும் வரைக்கும். மாற்றிய கார்டுகளில் துளையிட்டவள் நான்தான். வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

டிசம்பரில் வகுப்பாசிரியை அழைத்தார். மரியாதையானவர். எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டவர்.

“கெட்டிக்காரக் குழந்தை. ஆனால் வீட்டில் நீங்கள் ஜெர்மன் பேசுவதில்லை. கிம்னாசியத்தில் அவள் திணறி அழுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. ஹௌப்ட்ஷூலேயில் சந்தோஷமாக இருப்பாள்.”

“மதிப்பெண்கள் நன்றாகத்தானே இருக்கின்றன?”

“ஆமாம்,” என்றார், சன்னலைப் பார்த்தபடி. “அதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.”

அந்த வாக்கியம் எனக்கு அப்போது புரியவில்லை. கணவரிடம் சொன்னேன். “நீயா எதையாவது இமாஜின் பண்ணிக்காதே. மார்க் இருக்கு, மார்க் பேசும்,” என்றார்.

ஜனவரி இறுதியில் அரையாண்டுச் சான்றிதழ் வந்தது. ஒன்றுகள் இரண்டாகியிருந்தன, இரண்டுகள் மூன்றாகியிருந்தன. தேர்வுத் தாள்களை எடுத்துப் பார்த்தோம். அவற்றில் பழையபடி ஒன்றும் இரண்டும்தான் இருந்தன. கணவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

மகள் கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தாள். காலணியில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் பரவிக்கொண்டிருந்தது.

“ம்மா, நான் எந்த மேட்ச்ல தோத்தேன்?”

மலைப்பக்கத்து அணியும் கடைசிவரை தோற்கவில்லை. அதற்கு யாரும் ஓட்டும் போடவில்லை. மகள் ஹௌப்ட்ஷூலேக்குப் போனாள். மாட்டு டாக்டர் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

கோடை முடிந்ததும் அமெரிக்கர் புதிய பருவத்துக்கான தொடக்க மதிப்புகளோடு வந்தார். “பழைய வரிசையிலிருந்தே எடுத்துட்டேன். வேலை மிச்சம்,” என்றார். இனிமேல் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு வேறொருத்தியிடம் கொடுத்தார்.

அதே வாரம் இளைய மகளை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் அவளுடைய புது வகுப்பாசிரியையாக அதே ஆசிரியை நின்றிருந்தார். குனிந்து அவள் கையைப் பற்றினார்.

“ஓ, தங்கையா?” என்றார் அன்பாக. “உன்னை எனக்கு ஏற்கெனவே தெரியுமே.”