நம்ம வண்டி, அவன் வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்ததும் எங்கள் வீட்டில் கார்ச் சண்டை ஆரம்பமாகிவிடும். சண்டை போடுகிறவர்கள் அப்பாவும் அம்மாவின் தம்பியான மாமாவும். இருவரிடமும் கார் கிடையாது. அப்பா பம்பாயில், மாட்டுங்காவில் லோக்கல் ரயில் பிடித்து ஆபீஸ் போகிறவர். மாமா செம்பூரில் மூன்று பேரோடு ஒரே அறையில் குடியிருந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறவர். பேச்சை மட்டும் கேட்டால் வாசலில் ஆளுக்கு இரண்டு கார் நிற்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

அப்பா ஃபோர்ட்டில் ஒரு பழைய கார்க் கம்பெனியின் விற்பனை அலுவலகத்தில் பதினாறு வருஷமாக இருந்தார். மாமா செம்பூரில் புதிதாகத் திறந்த ஷோரூமில், புதிதாக வந்த சின்னக் காரை விற்கும் வேலையில் சேர்ந்திருந்தார். இரண்டு கார்களுக்கும் ஊரறிந்த பெயர்கள் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவின் கார் ‘நம்ம வண்டி’, மாமாவின் கார் ‘அவன் வண்டி’. அப்பா வைத்த பெயர்கள் இவை. மாமாவும் வேறு வழியில்லாமல் தன் காரை ‘அவன் வண்டி’ என்றே சொல்லப் பழகிக்கொண்டார்.

அப்பாவின் பெருமை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. அன்றைக்குக் காரைப் பணம் கொடுத்த கையோடு ஓட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. பெயரைப் பதிந்துவிட்டு, கொடுத்த நம்பரை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த நம்பர் எங்கே நிற்கிறது என்று சொல்லுகிற நாற்காலிதான் அப்பாவுடையது. அரைநாள் பள்ளி விட்ட சில சனிக்கிழமைகளில் நான் அவர் ஆபீஸுக்குப் போயிருக்கிறேன். பெரிய பெரிய டாக்டர்கள், வக்கீல்கள் எல்லாம் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு அப்பாவின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா லெட்ஜரைப் புரட்டுவார். அவர்கள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அப்பா, “இந்த வருஷம் இல்லை சார்” என்பார். அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா லஞ்சம் வாங்க மாட்டார். ஆனால் மாம்பழக் கூடை லஞ்சத்தில் சேராது என்பது அவருடைய கட்சி. தீபாவளிக்கு வருகிற ஸ்வீட் பெட்டிகளை அம்மா கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்து, கட்டடம் முழுக்க விநியோகம் செய்வாள்.

மாமாவின் உலகம் வேறு. “எங்க ஷோரூம்ல வர்றவாளுக்கு முதல்ல சாவியைக் கையில கொடுத்து உள்ளே உக்கார வைக்கணும் அத்திம்பேர். அப்பறம்தான் விலையைப் பத்திப் பேச்சு” என்பார்.

“நாங்க சாவியை ஆறு வருஷம் கழிச்சுத்தான் குடுப்போம். வாங்கிண்டு போறவன் கண்ணுல ஜலம் வரும். உன் ஆளுக்கு வருமாடா?”

“ஜலம் வர வெச்சதாலதானே ஜனங்க இந்தப் பக்கம் ஓடி வரது?”

எனக்கு அப்போது பத்து வயது. பெயரளவில் நான் அப்பா கட்சி. உள்ளுக்குள் அவன் வண்டியின் மேல்தான் ஆசை. மாமா கொண்டுவந்து கொடுத்த பளபளப்பான விளம்பரத் தாளைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதில் ஒரு சிவப்புக் கார் மலைப்பாதையில் தன்னந்தனியாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கையில் ஓர் ஆங்கில மோட்டார் பத்திரிகையோடு இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். அந்த வருஷத்தின் சிறந்த கார் என்று அவன் வண்டிக்கு விருது கொடுத்திருந்தார்கள். அட்டையிலேயே படம். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

“யாருடா ஜட்ஜ்? டைட் பேண்ட் போட்டுண்டு நாலு பசங்க ரெண்டு நாள் ஓட்டிப் பாத்திருக்கான். அவ்வளவுதானே? பின்னால ஆறு பேரை ஏத்திண்டு, மேலே படுக்கையைக் கட்டிண்டு, கண்டாலா மலைல ஏறிப் பாத்தானா? பாம்பேல இருக்கற டாக்ஸிக்காரன் ஒருத்தனைக் கேட்டானா? அத்தனை டாக்ஸியும் நம்ம வண்டி. அது அவார்ட் இல்லையா?”

மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். “அதுதான் அத்திம்பேர் கஷ்டமே. அம்பது அடிக்கு ஒரு டாக்ஸி நிக்கறது, அதே வண்டி. சொந்தமா கார் வாங்கறவன் டாக்ஸி மாதிரி இருக்கறதை எதுக்கு வாங்கணும்? உங்க கம்பெனிக்காரா டாக்ஸிக்குக் குடுத்துக் குடுத்தே பேரைக் கெடுத்துண்டுட்டா.”

எதற்கும் உடனே பதில் சொல்லும் அப்பா பத்திரிகையை மடித்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, காபி ஆறிவிட்டது என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தார். மாமா முகம் சுருங்கிப் போயிற்று.

அந்தத் தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டிகள் வரவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து ஏமாந்து போனது நான் ஒருத்திதான். பதிவை ரத்து செய்யச் சொல்லி வருகிறவர்கள்தான் இப்போது அப்பாவின் எதிரே உட்காருகிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு நேர் கீழே, முதல் மாடியில் இருந்த மாமி வீட்டிலேயே நம்ம வண்டிக்குப் போட்டிருந்த பதிவை எடுத்துவிட்டு அவன் வண்டிக்குப் போட்டுவிட்டார்கள். மார்ச்சோடு புக்கிங் பிரிவையே மூடப் போகிறார்கள் என்பதையும் அம்மாவிடம் அப்பா சொல்லியிருந்தார். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் கவனித்தது ஒன்றே ஒன்றுதான். மாமா தோற்க ஆரம்பித்தார். அப்பா ஒன்று சொன்னால், “அதுவும் சரிதான் அத்திம்பேர், உங்க வண்டி இரும்பாக்கும், எங்களோடது வெறும் தகரம்” என்று ஒத்துக்கொண்டுவிடுவார். ஜெயித்தால் அப்பாவுக்குச் சந்தோஷம் வர வேண்டும், இல்லையா? அவருக்குக் கோபம் வந்தது. “ஒழுங்கா சண்டை போடுடா!” என்று ஒரு நாள் கத்தினார். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

பள்ளி விடுமுறையாக இருந்த ஒரு வாரநாளில் திலக் நகரில் இருந்த பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் பெண், காலேஜ் படிக்கிற அக்கா, என்னைச் செம்பூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில்தான் மாமாவின் ஷோரூம். அக்கா எதிர்க்கடையில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே நடுவில் என் சிவப்புக் கார் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார்.

கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற சஃபாரி சூட் போட்டிருந்தார். நாற்காலி நுனியில், மடியில் ஃபைலோடு. எதிரே டை கட்டிய ஒரு சின்னப் பையன் ஏதோ தாளைப் படித்துவிட்டு, கையை நீட்டிக் காரைக் காட்டி என்னவோ கேட்டான். அப்பா காரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வாயைத் திறந்து பேசவே இல்லை. மாமா தூரத்தில் ஒரு சுவரோரமாக நின்று தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்காருகிறவர்கள் எதற்காக உட்காருகிறார்கள் என்பது பத்து வயதில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அப்பா கார் பதிவு செய்ய வந்திருக்கிறார். அதுவும் அவன் வண்டி. அழகில் சொக்கிப்போய் அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. மாமாவும் அவரும் சேர்ந்து எங்களுக்குத் தெரியாமல் இதைச் செய்கிறார்கள். நான் கூப்பிடவில்லை. அவர்களுடைய ரகசியத்தைக் கெடுக்கக் கூடாது என்று பெரிய மனுஷி மாதிரி நகர்ந்து வந்துவிட்டேன்.

அக்கா என்னை மாட்டுங்காவில் இறக்கிவிட்டுப் போனாள். ரகசியம் எங்கள் கட்டடத்தின் வாசல்வரைதான் தாங்கியது. முதல் மாடி மாமி வாசலில் நின்றிருந்தாள். அவளிடம் சொன்னேன். அவள் கேட்ட குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் சஃபாரி சூட், ஃபைல், சிவப்பு நிறம் என்று ஆதாரத்தோடு பதில் சொன்னேன். அப்புறம் தரைத் தளத்துத் தாத்தாவிடம். அப்புறம் என் சிநேகிதிகள் மூன்று பேரிடம். அம்மா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால் அவளிடம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

அப்பா ஆறு மணிக்கு வந்தார். படியேறும்போதே மாமியும் அவள் கணவரும் பிடித்துக்கொண்டார்கள். நான் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

“க்யா சார், நீங்களும் கட்சி மாறிட்டேள்! எங்களைச் சொன்னேளே, நன்றி கெட்டவான்னு?” மாமியின் கணவர் அப்பாவின் முதுகில் தட்டினார். “எப்போ புக் பண்ணினேள்?”

“யார் சொன்னா?” என்றார் அப்பா.

“நான்தாம்பா! ஷோரூம்ல பாத்தேனே!”

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்குள் இன்னும் இரண்டு கதவுகள் திறந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

“ஆமாம். புக் பண்ணியிருக்கேன்.”

“வண்டி எப்போ வரும்?” என்று மாமி கேட்டாள்.

“நாளாகும் மாமி. லிஸ்ட் பெரிசு.”

என் பின்னால் அம்மா வந்து நின்றிருந்தாள். காலையில் அப்பா எதற்காக எங்கே போனார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் உள்ளே போனாள். அழத்தான் போனாளோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. ஒரு கிண்ணத்தில் சர்க்கரை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு படியாக இறங்கி எல்லோர் கையிலும் போட்டாள். அப்பாவின் கையிலும் போட்டாள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தபோது படியிலேயே அவரை மடக்கி, அத்திம்பேர் நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மாமா சமாளித்துவிட்டார். “எங்க அத்திம்பேராச்சே, நான் பாத்துக்க மாட்டேனா?” என்றாராம். அன்று வீட்டில் சண்டை ஆரம்பிக்கவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

“அப்பா, எது நல்ல கார்?”

“அவன் வண்டிதான்” என்றார் அப்பா.

“இல்லை அத்திம்பேர்” என்று மாமா ஆரம்பித்தார். பாதியில் எழுந்து குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள், இனிமேல் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

உண்மையை அம்மா எனக்குச் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகு. அப்பா அன்றைக்கு வேலை கேட்டுப் போயிருந்தார். மாமாதான் கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பையன் மேனேஜர். அப்பாவின் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, பதினாறு வருஷ அனுபவமா, நல்லது, நான் வாடிக்கையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் காரை எனக்கு விற்றுக் காட்டுங்கள் என்றானாம். பதினாறு வருஷத்தில் அப்பா ஒரு காரைக்கூட விற்றதில்லை. விற்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. காத்திருக்கச் சொல்வது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வேலை. ஒரு காரை எப்படிப் புகழ்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

மார்ச்சில் அப்பாவின் ஆபீஸ் வேலை போயிற்று. அப்புறம் தொலைவில், அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. காலையில் நான் எழுந்திருப்பதற்கு முன்னால் கிளம்புவார், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வருவார். நான் கதவைத் திறந்துவிடுவேன். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவேன், நம்ம சிவப்பு வண்டிக்கு நம்பர் வந்துதா என்று. ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டிருப்பேன். சில நாள் தினமும்கூட. அவர் சட்டையெல்லாம் வியர்வையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “இந்த மாசம் இல்லைடி குழந்தே” என்பார். ஒரு தடவைகூட என் மேல் கோபித்துக்கொள்ளவில்லை, இனிமேல் கேட்காதே என்று சொல்லவில்லை. அப்பாவுக்கும் அந்தக் காரின் மேல் என்னைப் போலவே ஆசை, அதனால்தான் அலுக்காமல் பதில் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.