கிளாரினெட் போட்டவர் அண்ணன் அல்ல

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று உறவினர்கள் கூடிச் சொன்னார்கள். "நல்லபடியா நாலு வார்த்தை எழுதிப்போடு அம்மணி, பெரிய மனுசன் பேரு நெலைக்கோணும்" என்றார்கள். உயிரோடு இருந்தபோது அவரை இவர்கள் யாரும் பெரிய மனிதர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ரேடியோ செட்டுக்காரன் என்பார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போனதும் ராசியில்லாதவன் என்பார்கள். அந்த ராசியில்லாத பேச்சு ஒரு பொய்யிலிருந்து வந்தது. அது பொய் என்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்தும் வாய் திறக்காதவள் நான். அதைத் திருத்தத்தான் எழுத ஒப்புக்கொண்டேன். கேட்ட நாலு நல்ல வார்த்தையும் நடுவே வரும்.

அண்ணன் வால்பாறையில் பிறந்தார். அப்பா அங்கே தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். எஸ்டேட் அதிகாரிகளின் கிளப்பில் இருந்த ரெக்கார்டு பிளேயரைப் பழுது பார்ப்பதும் அவர் வேலைதான். கிளப்பை மூடியபோது, யாருக்கும் வேண்டாத இசைத்தட்டுகளையும் பிளேயரையும் அப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள். அப்பா இறந்து, அம்மாவும் நாங்கள் இருவரும் மலையிறங்கிச் சிங்காநல்லூர் வந்தபோது எங்களிடம் இரண்டு ட்ரங்குப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் பாத்திரங்கள். இன்னொன்றில் அந்த இசைத்தட்டுகள். "இதை வெச்சு என்னடா பண்றது, சோறாக்கறதா?" என்று அம்மா அழுதுகொண்டே கேட்டார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ரேடியோ செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு.

பிறகு சொந்தமாகவே செட் வைத்தார். நாலு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், கட்டுக்கட்டாக ட்யூப் லைட். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி என்று ஊர் ஊராகப் போய்ச் சினிமாப் பாட்டுப் போடுவார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் ட்ரங்குப் பெட்டித் தட்டுகளிலிருந்து தன் பாட்டைப் போடுவார். அந்த அமெரிக்க இசைக்கு ஜாஸ் என்று பெயர். அண்ணன் ஜாஸு என்பார். அட்டையில் இருந்த ஆங்கிலத்தை அவரால் தட்டுத் தடுமாறித்தான் படிக்க முடியும். அதனால் வாசிப்பவர்களுக்கு அவரே பெயர் வைத்தார். ட்ரம்பெட்காரர் ஒருவர் மில் சங்கு. மெதுவாகப் பாடும் ஓர் அம்மாள் கடைசி பஸ். ஏன் என்று கேட்டதற்கு, "பஸ்ஸு போயிருச்சுன்னு தெரிஞ்சும் அவசரமே படாம நடந்து வாராங்க பாரு" என்றார். ஒரு தட்டில் கச்சேரிக்கு நடுவே யாரோ இருமுவார். "அந்தாளு இருமறதுதான் இதுல விசேசம். நாமளும் பக்கத்துல உக்காந்திருக்காப்பல இருக்குது" என்பார்.

அபிப்பிராயம் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. சினிமா பார்த்துவிட்டு வந்தால் கதையைச் சொல்ல மாட்டார். "அந்தப் புள்ள சாகறதுக்கு அம்பது வயலினாட்டம் வெச்சிருக்கான். ஒருத்தன் வாசிச்சா நாம அழ மாட்டமா?" என்பார். எஃப்.எம். ரேடியோவில் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. "பாட்டுக்கு நடுவுல மூச்சு விட எடம் இருக்கோணும். இவன் அந்த எடத்தையும் வெளம்பரத்துக்கு வித்துப்போட்டான்" என்று அணைத்துவிடுவார். பந்தியில் உட்கார்ந்துகொண்டே நாதஸ்வரம் நன்றாக இல்லை என்று சொல்லி, சம்பந்தி வீட்டாரின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கேட்கத் துணைக்கு இருந்தவர் உக்கடத்தில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் சலீம் பாய் ஒருவர்தான். நானும் கேட்டேன். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே கேட்டேன். அதிலே ஒரு தட்டின் இரண்டாம் பக்கத்தில் மெதுவான கிளாரினெட் ஒன்று வரும். அது வரும்போது எழுதுவதை நிறுத்திவிடுவேன். அண்ணன் அதைக் கவனித்திருக்கிறார்.

அம்மா காலமான பின், அண்ணன் என்னைக் கோபிசெட்டிபாளையம் பக்கம் கட்டிக் கொடுத்தார். உன் கல்யாணம் முடியட்டும், என்னுடையதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை, நான் உட்பட.

என் மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் அண்ணன். சீர்த்தட்டுகளும் அவருடையவை, ரேடியோ செட்டும் அவருடையது. காலையில் அவரிடம் போய், "பையனை உங்க மடியில வெக்கறப்ப அந்தக் கிளாரினெட்டப் போடோணுங்கண்ணா" என்றேன். அவர் தயங்கினார்.

"வேண்டாம் அம்மணி. அது நம்ம ஊட்டோட இருக்கட்டும். உங்க அத்தை ஊட்டுக்காரங்களுக்கு எப்படித் தோணுமோ."

"எம் பையனுக்கு நான் கேக்கறனுங்க" என்று பிடிவாதம் செய்தேன். தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அதை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுப் பந்தலுக்குப் போய்விட்டார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்தார்கள். மாற்றுச் சட்டை எடுத்து வருகிறேன் என்று சொல்லிப் பந்தலுக்குப் பின்னால் போய், ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிறுத்திக் கேசட்டை மாற்றிப் போட்டவள் நான்.

நாலு குழாயிலும் அது எழுந்தது. ஆசாரி ஊசியை எடுத்த கை அப்படியே நின்றது. என் மாமியார்தான் முதலில் பேசினார்.

"இதென்னுங்க இது, எழவு ஊட்டுல ஊதறாப்பல? நல்ல காரியத்துல யாருங்க இதப் போட்டது?"

நான் சட்டையோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நாந்தானுங்க அத்தை. கேசட் மாறிப்போச்சுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார்.

தனக்குப் பிடித்த பாட்டைத் தவறு என்று அண்ணன் சொன்னது அந்த ஒரு முறைதான். அத்தனை பேர் கண்ணெதிரே, மடியில் குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய்க் கேசட்டை எப்படி மாற்றியிருக்க முடியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்பிள்ளை ஒருத்தி ஆம்ப்ளிஃபயரைத் தொடுவாள் என்றும் தோன்றவில்லை. செட்டுக்காரன் அவன், ஆகவே குற்றம் அவனுடையது. நம் சொந்தக்காரர்களின் கணக்கு எப்போதும் இவ்வளவு சுலபம்.

நாற்பதாம் நாள் என் மாமனார் காலமானார். இரண்டு வருடமாக நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மாத்திரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை, கிளாரினெட் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து அண்ணன் எங்கள் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்று ஆயிற்று. ராசியில்லாதவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. கல்யாண வீட்டார் வேறு செட் பிடித்தார்கள். கோயில் நோம்பிக்கு மட்டும் கூப்பிட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று பயந்தேன். அந்த வீட்டில் நான் கௌரவமாக வாழ்ந்தேன். அதற்கான விலையை அண்ணன் கொடுத்தார்.

என் மகன் கல்யாணத்தில் தாய்மாமன் மாலையை எங்கள் பெரியப்பா மகன் போட்டார். அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு பட்டு வேட்டியைச் சலீம் பாயிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மறுநாள் போன் செய்தேன். நான் தொடங்கும் முன் அவரே பேசினார். "கச்சேரில கீபோர்டுக்காரன் பரவால்லை அம்மணி. பாடுனவந்தான் மைக்கையே முழுங்கிப்போட்டான்." மண்டபத்துக்கு வெளியே, சாலையோரம் நின்று கேட்டிருக்கிறார். எவ்வளவு நேரம் நின்றார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியில் சர்க்கரை நோய் சிறுநீரகத்தைக் கெடுத்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர் சலீம் பாய். நான் வாரம் இருமுறை போய்வந்தேன், கணவரின் துணையோடு. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, மதியம், அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"ஒன்னு கேக்கோணும் அம்மணி. அந்தக் கிளாரினெட்டு உனக்கு நெசமாலுமே புடிச்சுதா? இல்ல, எனக்கோசரம் புடிச்சாப்பல இருந்தியா?"

ஊருக்கெல்லாம் அபிப்பிராயம் சொன்னவர், என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. கணவர் கட்டிலின் மறுபக்கம் நின்று ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கிளாரினெட் என்று அவர் நிமிர்ந்து கேட்டால் எல்லாம் வெளியே வரும். "இப்ப எதுக்குங்கண்ணா அதெல்லாம்? தூங்குங்க" என்றேன். அண்ணன் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்தைந்து ஆண்டு கழித்தும் நான் அதே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். உடம்பு முடியாத ஏழு மாதமும் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்து, கஞ்சி கொடுத்து, காதில் பாட்டு வைத்த சலீம் பாய்க்கு என் நன்றி. கருமாதி முடிந்த கையோடு இசைத்தட்டுகளையும் கேசட்டுகளையும் பழைய இரும்புக்காரருக்குப் போடச் சொன்னார்கள். அதற்குள் ஆட்டோ கொண்டு வந்து ஏற்றிப்போனவரும் அவரே. இறுதிச் சடங்குக்கு வந்து, "நல்ல மனுசன், பாவம்" என்று சொல்லிப்போன உறவினர்களுக்கும் நன்றி. அந்தச் சொல்லை அவர் காது கேட்கும்போது சொல்லியிருக்கலாம். இந்தக் கட்டுரையை அச்சுக்கு முன் படிக்க வேண்டும் என்று கணவர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மாமியாருக்கு எண்பத்து நான்கு வயது. எழுத்துக் கூட்டிப் படிப்பார். படிக்கட்டும்.

நினைவு நாளன்று படத்துக்கு மாலை போட்டதும் அந்தக் கேசட் ஓடும். இந்த முறையும் நான்தான் போடுவேன், எல்லோரும் பார்க்க. ராசிக்குப் பயந்தவர்கள் எழுந்து வெளியே நிற்கலாம். அண்ணன் நின்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது.

நெசமாலுமே புடிச்சுதுங்கண்ணா.