அத்தை திருப்பிக் கொண்டுவந்த கையெழுத்து

எங்கள் அத்தை தேர்தலில் நிற்கப்போகிறார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் அத்தைக்குத் தெரிந்தது. மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் பேரூராட்சி. அந்த முறை தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். பல வருஷமாக அந்த நாற்காலிமேல் கண் வைத்திருந்த அப்பாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தனக்கு ஒரு தங்கை இருப்பது அவர் ஞாபகத்துக்கு வந்தது.

அத்தை செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீல். கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருந்தார். காலையில் கறுப்புக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார். அவர் கையெழுத்து மட்டும் போடட்டும், மற்றதை நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா தன் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயித்தால் நாற்காலியில் நான்தான் உட்காருவேன் என்று அத்தை முதல் நாளே சொல்லிவிட்டாராம். அப்பா அதை விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். அத்தை விளையாட்டாக எதுவும் பேசி நான் பார்த்ததில்லை, அவர் எப்போது பார்த்தாரோ.

அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கடை நாற்காலிகளும் மைக் செட்டும் அந்த மாதம் முழுக்க அத்தைக்காகவே ஊரைச் சுற்றின. அத்தை தெருத் தெருவாக நடந்தார், நானும் கூடவே ஓடினேன். ஏரிக்கரைத் தெருவில் பெண்கள் அவரை வீட்டுக்குள்ளே கூட்டிப்போய், சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு இருந்த தண்ணீர்க் கறையைக் காட்டினார்கள். ஒவ்வொரு ஐப்பசிக்கும் கால்வாய் நிரம்பி, சாக்கடையோடு தண்ணீர் உள்ளே வந்துவிடும். போன மழையில் ஒரு கைக்குழந்தையைப் பரண்மேல் படுக்க வைத்திருந்தார்களாம். நான் வந்தால் முதல் வேலை இதுதான் என்றார் அத்தை. எல்லாருக்கும் முன்னால் கை தட்டியவர் அப்பா. பாவம், அந்தத் தண்ணீர் எதனால் வருகிறது என்று மனுஷர் யோசிக்கவே இல்லை.

அத்தை ஜெயித்தார், உட்கார்ந்தார். முதல் வாரமே கடைத்தெரு முழுக்க டேப் வைத்து அளந்தார்கள். கால்வாய்மேல் சிமெண்டுப் பலகை போட்டு, தகரக் கொட்டகை இழுத்திருந்த கடைகள் பதினொன்று. அடியில் தூர் வார வழியே இல்லை. அந்தப் பதினொன்றில் மிக நீளமான கொட்டகை எங்களுடையது. அண்டா குண்டான் எல்லாம் அதன் கீழ்தான் அடுக்கியிருக்கும்.

பதினொரு பேருக்கும் நோட்டீஸ் கிளம்பியது. வாங்கிய ஏழு நாளில் அவரவரே அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் பேரூராட்சி அகற்றும். பத்துப் பேர் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். தலைவரோட அண்ணன் கடை போகட்டும், அப்புறம் எங்களுடையதைப் பார்க்கலாம் என்று பத்துப் பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

அப்பா வாங்கினால்தானே. நோட்டீஸ் கொண்டுவரும் பில் கலெக்டரின் சைக்கிள் தெரு முனையில் தெரிந்தால் கடை ஷட்டர் இறங்கிவிடும். வீட்டுக்கு வந்தால் அப்பா பின்வாசல் வழியாகப் போய்விடுவார். ஆம்பளை இல்லாத நேரத்தில் எதையும் வாங்க மாட்டேன் என்று அம்மா கதவிடுக்கில் சொல்லி அனுப்புவாள். மூன்று நாள் இப்படிக் கூத்து. இதில் வேடிக்கை, நோட்டீஸ் அனுப்பியவர் எங்கள் வீட்டில்தான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சட்னி போதுமா என்பதைத் தவிர ஒரு பேச்சும் இருக்காது.

நான்காம் நாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். "இனிமே வூட்டுப் பொறுப்பு உன்னுது பாப்பா. யாரு இன்னா குடுத்தாலும் கையெழுத்து போட்டு வாங்கி வெச்சிக்க" என்றார். எனக்கு ஒன்பது வயது. அப்பா என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடம் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பில் கலெக்டர் அலைந்து அலைந்து ஓய்ந்துபோயிருந்தார். அப்பா சொன்னாரா என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கையெழுத்து நோட்டை நீட்டினார். புதிதாகப் பழகியிருந்த கூட்டெழுத்து இங்கிலீஷில் என் பேரை எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். வீட்டில் சண்டை தீர்ந்தது, தீர்த்து வைத்தவள் நான். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் அத்தை அந்த நோட்டோடு வந்தார். என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கையெழுத்து நல்லாத்தான் கீது, பாப்பா. ஆனா இது செல்லாது" என்றார்.

"அதான் வாங்கியாச்சில்ல, வுடேன்" என்றார் அப்பா.

"ஒம்பது வயசுப் பொண்ணுகிட்ட குடுத்தா குடுத்ததா ஆவாது அண்ணா. உனக்குத் தெரியாதா இன்னா?"

அத்தை என் பேரைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். மறுநாள் காலை இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு, ஊரே பார்க்க, எங்கள் கடை ஷட்டரில் நோட்டீஸை ஒட்டினார்கள். அன்று அப்பா, ஒரே வீட்டில் இரண்டு பேரும் இருக்க முடியாது என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னார். அத்தை காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தன் சட்டப் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரைத் தெருவில் ஒற்றை அறைக்குக் குடிபோனார். ஒட்டிய ஏழாம் நாள், என் தகரத்தில் எவனும் கை வைக்கக் கூடாது என்று அப்பாவே ஏணி போட்டுக் கொட்டகையைப் பிரித்தார். மற்ற பத்தும் தானாகப் பிரிந்தன. அந்த ஐப்பசியில் தண்ணீர் நேராக ஏரிக்குப் போயிற்று.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? என் பேரை அடித்தவர் அத்தை. அத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் நோட்டீஸ் ஷட்டருக்கு வந்திருக்காது, அப்பா தலைகுனிந்திருக்க மாட்டார், அத்தையும் போயிருக்க மாட்டார் என்றுதான் நான் கணக்குப் போட்டேன். ஒரு வருஷத்துக்குமேல் அவரோடு பேசவில்லை. ரோட்டில் என்னைப் பார்த்தால் நிற்பார். நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். ஒரு நாள்கூட அவர் கூப்பிட்டு விளக்கம் சொன்னதில்லை.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணம். அண்ணனும் தங்கையும் அதற்குள் ராசியாகி, பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எதிர்வரிசைக்காரரிடம் என்னைக் காட்டிப் பழைய கதையைப் பெருமையாக எடுத்துவிட்டார். "இவள வெச்சே, கொட்டாய தொடக் கூடாதுன்னு கோர்ட்ல ஸ்டே வாங்கிக்கினு இருப்பேன். கொழந்த கையில குடுத்த நோட்டீஸு எப்பிடி செல்லும்னு கேட்டா ஜட்ஜு இன்னா சொல்லுவாரு? அதுக்குன்னுதான் இவள கையெழுத்து போடச் சொன்னேன். என் தங்கச்சி ஒரே பார்வையில புட்ச்சிட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ரசத்தை வழித்துக்கொண்டே, போதும் அண்ணா, சாப்பிடு என்றார்.

நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். அந்த ஒரு வருஷத்தில் என்றைக்காவது ரோட்டில் என்னை நிறுத்தி, உன் அப்பா உன்னை எதற்காக உட்கார வைத்தார் தெரியுமா என்று அத்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அத்தையை நான் அன்றே மன்னித்திருப்பேன். அப்பாவை மன்னித்திருக்க மாட்டேன்.