பக்கத்து அடுக்களையில் ஆடிய மூடிகள்

பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கரண்டு மீட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதை முதலில் கவனித்தது என் மனைவிதான்.

"என்னான்னு கேட்டா, சும்மாதேன்னு சொல்லிட்டுப் போறாக. சும்மா யாரு மீட்டரப் பாப்பாக?" என்றாள்.

அடுத்த வாரம் நானே ஒன்றைப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், என் அறைச் சுவரில் காதை வைத்து, கண்ணை மூடி நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கொடியில் துணி எடுக்க வந்தவர் போல நகர்ந்தார். கொடியில் துணி எதுவும் இல்லை.

எனக்குக் குறுகுறுவென்று இருந்தது. எங்கள் மேல் எங்கோ புகார் கொடுக்கப் போகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். என்ன புகார் என்று மட்டும் தெரியவில்லை. என் அறையிலிருந்து சத்தமே வெளியே போகாது. அதில் நான் கவனமாக இருந்தேன்.

போடியில் ஏலக்காய் வாங்கி அனுப்பும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கக் காயின் நிறம், பருமன், உடைசல். சாயங்காலம் வீடு வந்து கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கீபோர்டு. கீழே காலால் மிதித்து வாசிக்க வரிசையாக மரக்கட்டைகள். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் பிரான்சு நாட்டுத் தேவாலயம் ஒன்றின் குழாய் ஆர்கன் இருந்தது. அதன் ஆயிரக்கணக்கான குழாய்களை ஒவ்வொன்றாக ஊதவைத்து, அந்தக் கட்டடத்தின் எதிரொலியோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நான் இங்கே ஒரு கட்டையை அழுத்தினால் அங்கே பதிந்த குழாய் ஒலிக்கும். கையை எடுத்த பிறகும் சத்தம் உயரமான கூரைக்குள் சுற்றிச் சுற்றி மெல்லத் தேய்ந்து அடங்கும். இளவயதில் கச்சேரிக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன் நான். ஒருநாள் இணையத்தில் தற்செயலாக இந்தச் சத்தத்தைக் கேட்டு அதிலேயே விழுந்துவிட்டேன். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கென்று எழுதிய இசையை நோட்டைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் மனைவி சீரியல் பார்க்கும் நேரம் அது. அதனால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். ஆனால் பெரிய குழாய்களின் அடிநாதம் ஹெட்போனில் சரியாக வராது. அதற்காக அறை மூலையில் ஒரு பெரிய ஊஃபர் ஸ்பீக்கர் வைத்து, அடிநாதத்தை மட்டும் அதில் விட்டிருந்தேன். அதைக் காதால் கேட்பது குறைவு. உட்காரும் பலகையில் லேசாக ஒரு அதிர்வு வரும், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, ஒங்க வீட்ல பாத்திரம் ஆடுதா?"

"இல்லையேக்கா."

"எங்க வீட்ல ஆடுது. பொழுது சாஞ்சா ஆடுது. மலையில வேல ஆரம்பிச்சிட்டாங்ய, தெரியுமா?"

மலையைக் குடைந்து உள்ளே ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் பல வருஷமாக உண்டு. அக்காவுக்கு ராசிங்காபுரத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன. வெடி வைத்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும் என்பது அவர் பயம். கணவர் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. எப்போதாவதுதான் ஜீப்பில் கீழே இறங்குவார். சத்துணவுக் கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா பெரும்பாலும் வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

நான் போய் அவர் அடுக்களையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. மறுநாளும் கூப்பிட்டார், போனேன். அன்றைக்கும் ஆடவில்லை. அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அது என்னா, நீ வந்தா மட்டும் நின்னுபோகுது?"

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினேன். அவர் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. அதோடு மலைமேலும் எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் மேற்கே பார்த்தபோது, வழக்கமான மேகம்கூடப் புழுதியாகத் தெரிந்தது.

அதற்குப் பின் ஒரு சனிக்கிழமை. ஒரு பிரெஞ்சு இசையை முழுதாக வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்திருந்தேன். அதைக் கம்ப்யூட்டரையே திரும்ப வாசிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, மனைவி கதவைத் திறந்தாள்.

"அக்கா கூப்பிடுறாக. ஆடுதாம். வெரசாப் போங்க!"

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். பதிவை நிறுத்தத் தோன்றவில்லை.

அடுக்களையில் உண்மையாகவே ஆடியது. எவர்சில்வர் டப்பாக்களின் மூடிகள் கிலுகிலுத்தன. அலமாரியில் இருந்த பித்தளைச் செம்பு தட்டோடு உரசி உர்ரென்றது. "பாத்தியா? பாத்தியா? இப்ப என்னா சொல்லுற?" என்று அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் மூடிகளையே பார்த்தேன். நீளமாக ஆடின, நின்றன. இரண்டு முறை குட்டையாக ஆடின. மறுபடி நீளம். எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. பிறகு ஓர் இடத்தில் சட்டென்று தயங்கி, அரை நொடி தாமதித்து மறுபடி ஆடின. அந்த இடத்தில்தான் எப்போதும் என் இடது கால் கட்டையைத் தவறவிடும்.

"அக்கா, இது மலை இல்ல. நாந்தேன்," என்றேன்.

அவர் நம்பவில்லை. "நீ இங்கன நிக்கிற. ஆடுறது எப்பிடி நீயாகும்?"

கையோடு அழைத்து வந்தேன். அறைக்குள் நுழைந்ததும் அவர் கீபோர்டைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்தார். ஊஃபருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தரையை உள்ளங்காலால் தட்டிப் பார்த்தார்.

"மோட்டார் எங்க?"

"மோட்டார் இல்லக்கா. குழாய் ஆர்கன்னு ஒரு வாத்தியம், அதுல பாட்டு வாசிக்கிறேன்."

"கொழாய்ங்கிற. கொழாய் எங்க?"

"பிரான்சுல."

திரையில் தெரிந்த தேவாலயத்தின் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நீ போடியில ஒக்காந்து இத ஊதுறது அங்கன உள்ளவகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. தெரியாது என்றேன். "அப்பச் சரியில்ல," என்றார்.

பதிவை நிறுத்தி, ஹெட்போன் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் சத்தம் வரும்படி வாசித்துக் காட்டினேன். நாலைந்து நாதஸ்வரம் சேர்ந்து ஊதுவது போன்ற கரகரத்த குழாய்களைத் திறந்தேன். கடைசியில் கையையும் காலையும் எடுத்துவிட்டேன். சத்தம் மட்டும் அறையில் நின்றுகொண்டே இருந்தது. அக்கா சட்டெனத் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"யாரு அங்க?"

"யாருமில்லக்கா. அந்தக் கட்டடத்தோட எதிரொலி."

அவர் கூடம்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சாவு வீட்டுச் சத்தமாட்டம் இருக்கு. ஆனா அந்த ஊதுற பகுதி பரவாயில்ல," என்றார்.

மறுநாள் ஊஃபரைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தேன். கனமான ரப்பர் ஷீட்டை மடித்து அதற்கு அடியில் போட்டேன். நான் வாசிக்க வாசிக்க, மனைவி பக்கத்து அடுக்களையில் நின்று ஆடுகிறதா இல்லையா என்று போனில் சொன்னாள். இரண்டு மூன்று இடம் மாற்றிய பிறகு மூடிகள் அடங்கின. அக்காவுக்கு நிம்மதிதான். ஆனாலும் அடுத்த முறை கணவர் இறங்கி வந்தபோது அவரை ராசிங்காபுரத்துக்கு அனுப்பிக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். தண்ணீர் அப்படியே இருந்ததாம்.

தெருவில் கேட்டவர்களிடம் அவர் உள்ளதைச் சொல்லவில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். "அந்தத் தம்பி உள்ள ஏதோ கம்ப்யூட்டர் சோலி பாக்குது," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அது வேறு மாதிரி வளர்ந்துவிட்டது. போன வாரம் டீக்கடையில் எங்கள் தெரு ஜீப் டிரைவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணே, நம்மகிட்ட மட்டும் சொல்லுங்க. வீட்டுக்குள்ளயே ஏலக்காய் ஒணத்துற மெஷின் போட்டுட்டீகளாமே? எம்புட்டு லோடு எடுக்கும்?"

இல்லை, அது பாட்டு என்றேன். அவர் சிரித்தபடி என் தோளைத் தட்டிவிட்டு, "சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்கண்ணே," என்று எழுந்து போனார்.