பாஸ்போர்ட்டில் முடி இருந்தது

வெளிநாடு போய் வந்தவன் என்று கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. கேன்டீனில் புதிதாக வந்து உட்காருகிறவர்கள் யாராவது, அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். நான் பார்த்தது ஒரு நாற்காலி. ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் நாற்காலி, நான்கு காலையும் தரையோடு சேர்த்து போல்ட் போட்டிருந்தார்கள். அதில் ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாள் பாதியும் உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னால் கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். அதனால் நல்ல ஊர், சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். தகட்டை அடித்து வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அங்கே ஒரு கிழட்டு பிரஸ் இருந்தது. தகட்டைக் கையால் அச்சில் வைத்து, கையை எடுத்துக்கொண்டு, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அடி இறங்கும். கையை எடுப்பதற்குள் கால் மிதித்துவிட்டாலும் அது இறங்கத்தான் செய்யும். அப்படித்தான் எங்கள் ஆபரேட்டர் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. பெரியபாளையம் போகிற வழியில் இருக்கும் ஆரணிக்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வீட்டில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது, அது சாப்பாட்டுக்கு மட்டும். அன்றைக்கு அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். வழி முழுக்க அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை, இந்தக் கையால் இனி மண்வெட்டி பிடித்து வயலில் அண்டை வெட்ட முடியுமா என்றே கேட்டுக்கொண்டு வந்தார். பிறகு அவரை ஸ்டோரில் உட்கார வைத்து போல்ட் எடுத்துக் கொடுக்கும் வேலை கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் கம்பெனி புது பிரஸ் வாங்க முடிவு செய்தது. வெளிநாட்டில் செய்கிறார்கள். பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன்னால் நம் ஆள் ஒருவர் அங்கே போய், ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அதற்கப்புறம் எது இல்லையென்றாலும் கெஞ்சித்தான் வாங்க வேண்டும். விலை பேச பர்ச்சேஸ் மேலாளர், எந்திரம் பார்க்க நான். நான் பார்க்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முதல் வரியில் இருந்தது சென்சார். கை உள்ளே இருக்கும்வரை அடியை இறங்கவிடாமல் நிறுத்திவைப்பது அது.

டிக்கெட் வந்த அன்று கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் அந்த ஆபரேட்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா கலர்ல வேணா வாங்குண்ணே. கை உள்ள கீதுன்னா நிக்கணும். அத்த மட்டும் உன் கண்ணால பாத்துட்டு கையெழுத்து போடு."

பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். டீ சொல்வது மாதிரி அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

இனி என் மனைவி. விசா இரண்டு தடவை இழுத்தடித்ததில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரியபாளையத்து பவானி அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். விசா வந்தால் அவள் வேப்பிலையையே உடுப்பாக்கி வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவாள், நான் மொட்டை. விசா வெள்ளிக்கிழமை வந்தது, விமானம் செவ்வாய்க்கிழமை. திரும்பி வந்து அடித்துக்கொள்கிறேன், அம்மன் எங்கும் ஓடிப்போய்விட மாட்டாள் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ ஆகாசத்துல போவே. கீழ நின்னுக்கினு நான் இன்னா பண்ண முடியும்? அம்மனாண்ட சொல்லி வெச்சிக்கினு கீறேன். அத்த குடுக்காம நீ ஏறக் கூடாது."

அவள் குரலில் அதட்டல் இருந்தால் நானும் எதிர்த்திருப்பேன். பயம்தான் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடத்தில் நான் ஓர் இரவுகூட மாவட்டத்தைத் தாண்டித் தங்கியவன் இல்லை.

ஆடி ஞாயிறு. கவரைப்பேட்டையில் பஸ் மாறி, ஆரணி வழியாக, ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். கூட்டத்தில் காலை நாஷ்டாவுக்கு நிற்கவும் இடம் இல்லை. முடி எடுப்பவர் என் தலையை நனைத்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்தார். மீசையை விட்டுவிடுங்கள் என்றேன். பக்கத்தில் ஈர வேப்பிலையோடு நின்றிருந்த என் மனைவி, வேண்டுதலில் பாதி, முக்கால் என்றெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டாள். மீசையும் போயிற்று. தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு கோயில் வாசலில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டோம். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் இருந்த என் போட்டோவில் காதை மூடிய முடி, உதட்டை மூடிய மீசை. விசாவிலும் அதே போட்டோ.

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டையும் என் தலையையும் பார்த்தார். திருப்பதியா என்று கேட்டார். பெரியபாளையம் சார் என்றேன். நல்லது, போய்வாருங்கள் என்று முத்திரை குத்தினார். உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த நாட்டின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. காலையில் இறங்கினோம். மேலாளர் எனக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டே தாண்டிப்போனார். என் முறை வந்தது. கண்ணாடிக்குள் இருந்த இளம் அதிகாரி போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். என் ஆங்கிலமும் அவர்கள் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. "டெம்பிள். காட் டேக் மை ஹேர்" என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடவுள் எதற்கு ஒருவன் மீசையைப் பிடுங்க வேண்டும் என்று அவர்கள் யோசித்திருந்தால் அதில் நியாயம் உண்டு.

பிறகு பையைத் திறந்தார்கள். சட்டைகளுக்கு நடுவில் என் மனைவி எனக்குத் தெரியாமல் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். திருநீறு, குங்குமம், காய்ந்த வேப்பிலை. வெள்ளைத் தூளைக் கண்டதும் அவர்கள் முகம் மாறியது. கையுறை போட்டு, பொட்டலத்தைக் கண்ணாடித் தாளில் சுற்றி, பரிசோதனைக்கு எடுத்துப் போனார்கள். என்னை அந்த ஆரஞ்சு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மேலாளர் தடுப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். வண்டி வந்து காத்திருக்கிறது, நான் போய் அந்தக் கம்பெனி ஆட்களை அனுப்புகிறேன் என்றார். போனார். அவரை நான் குறை சொல்லிப் பலனில்லை. ஆனால் அவர் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தபோது ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். என் பட்டியல் என் பையில் இருந்தது, பை அதிகாரிகள் மேசையில் இருந்தது.

நாளைக் காலை எந்திரத்தை ஓட்டிக் காட்டுவார்கள். அது ஒன்றுதான் என் தலைக்குள் ஓடியது. உட்கார்ந்தே தூங்கினேன், முழித்தேன், மறுபடி தூங்கினேன். ஒரு பெண் அதிகாரி ரொட்டியும் வெந்நீரும் கொடுத்தார். கழிப்பறைக்குப் போனாலும் ஒருவர் பின்னாலேயே வந்தார். மணிக்கு ஒரு தடவை யாராவது வந்து போட்டோவோடு என்னை ஒப்பிட்டுவிட்டுப் போவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று "மெஷின், டுமாரோ, சைன்" என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலுக்கு ஆமாம் என்று அர்த்தமா, உட்கார் என்று அர்த்தமா என்பது கடைசிவரை பிடிபடவில்லை. மேலாளர் தகவல் சொல்லியிருப்பார் போல, நடுவில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஆபீஸில் என் மனைவியிடம் கேட்டு, கோயில் வாசலில் எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தார்கள். தாளில் என் முகம் இருந்த இடத்தில் கரி பூசின மாதிரி ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதிகாரி அதை என் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணி தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. நாற்பதை நெருங்குகிற ஆள், மொட்டைத் தலையோடு, தெரியாத ஊரில் உட்கார்ந்து அழுதேன். சோர்வு ஒரு பக்கம். அங்கே இந்நேரம் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்பது இன்னொரு பக்கம்.

மதியம் வயதான அதிகாரி ஒருவர் வந்தார். வெள்ளைத் தாளை வைத்து, கையெழுத்துப் போடச் சொல்லிச் சைகை காட்டினார். நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன், பாஸ்போர்ட்டிலும் அப்படித்தான். போட்டேன். பாஸ்போர்ட்டை அருகில் வைத்துப் பார்த்தார். இன்னொன்று என்றார். இப்படிப் பத்துத் தடவை. அந்த எழுத்து அவருக்குப் படம் மாதிரிதான் இருந்திருக்கும். வளைவு, சுழி, கடைசியில் நான் இழுக்கும் கோடு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்து, என் மொட்டையைக் காட்டி ஏதோ சொன்னார், முத்திரை குத்தினார். திருநீற்றுப் பொட்டலத்தையும் ஒரு கவரில் போட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள்.

தொழிற்சாலைக்குப் போய்ச் சேர மாலை ஆகிவிட்டது. எந்திரத்தைக் கழற்றி மரப்பெட்டிகளில் போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் வெளிச்சமான முகத்தோடு வந்தார். இருபது தகடு அடித்துக் காட்டினார்களாம், இருபதும் அச்சு அசலாம், கையெழுத்துப் போட்டுவிட்டாராம். சென்சார் என்றேன். அது தனியாகப் பின்னால் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். பெட்டியைத் திறக்கச் சொன்னேன். திறக்கவில்லை. நான் அன்றைக்குப் பத்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன், ஒன்றும் போட வேண்டிய தாளில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முழுசாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள் அம்மன் என்றாள். நான் பையைக்கூடப் பிரிக்காமல் படுத்துக்கொண்டேன். அவள் பயந்ததும் எனக்காகத்தான். அதில் குற்றம் பிடித்தால் நான் மனிதன் இல்லை.

கப்பலில் பெட்டிகள் வர இரண்டு மாதம் ஆனது. பிரித்த அன்று ஸ்டோரிலிருந்து அந்த ஆபரேட்டரும் வந்து நின்றார். பச்சைப் பெயின்ட் பளபளத்தது. அவர் எந்திரத்தைச் சுற்றி வந்து, அச்சுக்குப் பக்கத்தில் குனிந்து தேடினார். சென்சார் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துளைகள் மட்டும் இருந்தன. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், மொட்டை, நாற்காலி, பொட்டலம். பார்க்காமல் நான் கையெழுத்துப் போடவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போதே கேவலமாக இருந்தது. பாதி முடி வளர்ந்திருந்த என் தலையைப் பார்த்துவிட்டு அவர் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

கம்பி வலையில் ஒரு தடுப்பு செய்து மாட்டினேன். வேலை மெதுவாகிறது என்று மூன்றாம் நாள் கழற்றச் சொன்னார்கள். சண்டை போட்டேன், கழற்றினேன். நான் பெரிய வீரன் இல்லை, இரண்டு பிள்ளைகளின் அப்பா. அந்தப் புது பிரஸ்ஸில் யாரை நிறுத்துவது என்று பேச்சு வந்தபோது ஆபரேட்டரே என்னைத் தேடி வந்தார்.

"வேற யாரையும் நிக்க வெக்காதண்ணே. நானே நிக்கறேன். இந்தக் கைக்குத்தான் பயம் தெரியும்."

வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை, நிர்வாகமும் கேட்கவில்லை. சென்சார் வர ஒன்றரை வருடம் ஆனது. எத்தனை கடிதம் எழுதினேன் என்று நினைவில்லை. அந்த ஒன்றரை வருடமும் காலையில் அவர் எதிரில் வந்து வணக்கம் சொல்லும்போது நான் முகத்தைப் பார்த்ததில்லை. கையைத்தான் பார்ப்பேன். எட்டு விரலும் இருக்கும். மாலையில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறும்போதும் பார்ப்பேன். அவருக்கும் அது தெரியும், ஏறியதும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார்.

சென்சாரை நானே மாட்டினேன். ஒரு கட்டையை உள்ளே நீட்டி அவரை மிதிக்கச் சொன்னேன். அடி பாதியில் நின்றது. பத்துத் தடவை நின்றது. அவர் சிரித்தார், எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்துக்குக் கிளம்பினேன். எதற்கு என்று மனைவி கேட்டாள். ஒரு வேண்டுதல் இருக்கிறது என்றேன். நீ எப்போது வேண்டிக்கொண்டாய் என்றாள். தினமும் என்று சொன்னேன். முடி எடுப்பவர் தலையை முடித்துவிட்டு, மீசையை விட்டுவிடவா என்று கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன்.