4/1 காம்பராவின் கதவு

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் குவைத்தில் கத்துவது எங்கள் ஊர் ஹட்டனில் கேட்கும். அன்றைக்கு அது கொழும்பில், என் காதுக்குள் வெடித்தது.

“நாப்பத்தொண்ணா? நம்ம லயத்துல மொத்தமே பத்துக் காம்பராதானடா! எவன் வீட்டு நம்பருடா அது?”

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் கொழும்பில் இணையத்தளம் செய்யும் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. அக்கா வீட்டு வேலைக்குக் குவைத் போய் இரண்டாவது வருஷம். வீட்டைப் பார்க்க வேண்டும் என்று போனில் அழுதழுது கேட்டதால், தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒற்றையறை வீடுகளான எங்கள் லயத்துக்கென்று ஒரு சின்னத் தளம் செய்து, காம்பராவுக்கு ஒரு பக்கமாகப் படம் போட்டிருந்தேன். தளத்தின் பெயருக்குப் பின்னால் காம்பரா இலக்கத்தை அடித்தால் அந்த வீடு வரும். கண்டதையும் அடித்துக் குழப்பாமலிருக்க, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு விதியும் எழுதியிருந்தேன்: \d+. இலக்கம் மட்டும் உள்ளே வரலாம். மற்றதெல்லாம் வாசலோடு திரும்பிவிட வேண்டும்.

எங்கள் வீடோ 4/1. நாலாம் காம்பராவைப் பெரியப்பாவும் அப்பாவும் பலகை அடித்து இரண்டாக்கிய நாளிலிருந்து அதுதான் விலாசம். முகவரியில் சாய்கோடு வந்தால் என் விதி ஒத்துக்கொள்ளாது. ஆகவே கோட்டைத் தூக்கிவிட்டு 41 என்று வைத்தேன். அதற்குத்தான் இந்த ஏச்சு.

“செத்துப்போன அப்பா வச்ச நம்பர மாத்த நீ யாருடா?”

“கம்பியூட்டருக்கு அது வெளங்காதுக்கா.”

“வெளங்காட்டி வெளங்க வையி. அதுக்குத்தான படிச்ச?”

போன் கார்டில் காசு முடிந்து லைன் அறுந்தது. விதியை மாற்றினேன். முதலில் ஓர் இலக்கம், பிறகு வேண்டுமானால் ஒரு சாய்கோடும் இன்னோர் இலக்கமும். 4/1 என்றால் இனி எங்கள் வீடுதான்.

அவளுக்குக் கணினி கிடைப்பது வெள்ளிக்கிழமை மட்டும், வேலை செய்யும் வீட்டு மேடத்தின் மகள் இரக்கப்பட்டுக் கொடுக்கும் கொஞ்ச நேரம். அந்த வெள்ளிக்கிழமை முடிந்ததும், யார் எந்த முகவரியைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதி வைத்திருந்ததைத் திறந்து பார்த்தேன். 4/1 கேட்டிருந்தாள், படமும் போயிருந்தது. அதற்குக் கீழே இன்னும் சில வரிகள், ஆங்கில எழுத்தில் தமிழ். 4/1/அம்மா. 4/1/அம்மா எங்க. 4/1/கதவ தொற. இலக்கம் அல்லாத அத்தனையையும் என் விதி, அப்படியொரு பக்கம் இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தது.

நான் படம் எடுத்தது ஒரு வேலை நாளில். அம்மா கொழுந்தெடுக்கப் போயிருந்தார். படத்தில் இருந்தது பூட்டுப் போட்ட கதவுதான். ஐயோ, கடல் தாண்டிக் கிடக்கிறவள், கிடைத்த கொஞ்ச நேரத்தையும் அந்தப் பூட்டைப் பார்த்தே தீர்த்திருக்கிறாள். ஆபீஸ் என்றும் பாராமல் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே லீவு சொல்லிவிட்டு ஹட்டனுக்கு ரயிலேறினேன். “அக்கா கம்பியூட்டருல ‘கதவ தொற’ன்னு கேட்டிருக்கா. கதவத் தொறந்துட்டு வாசல்ல நில்லுங்கம்மா, அவளுக்குப் படம் போடணும்” என்றதும் அம்மா உள்ளே ஓடி, தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“அவ எப்ப அதப் பாப்பாடா?”

“வெள்ளிக்கிழமை. நமக்குப் பொழுது சாயிற நேரம்.”

கொழும்புக்குத் திரும்பி, ‘கதவ தொற’ என்பதையும் விதி ஏற்கும்படி செய்தேன். அதை அடித்தால் அம்மா வருவார் என்று அக்கா போன் எடுத்தபோது சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வேறெதையும் கேட்கவில்லை. அந்த ஒரே முகவரிதான், திரும்பத் திரும்ப.

சில மாதம் கழித்து, பௌர்ணமிப் போயா லீவு ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மற்றக் காம்பராக்கள் எல்லாம் சாத்தியிருக்க, எங்கள் கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது. வாசற்படியில் அதே தீபாவளிச் சேலையில் அம்மா, முந்தானைக்குள் கையை மடக்கிக்கொண்டு நடுங்கியபடி.

“வெள்ளிக்கிழமையானா இதுதான்யா” என்றார் பக்கத்துப் பாதியிலிருந்து பெரியம்மா. “சொன்னா கேட்டாத்தான?”

எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: “அம்மா, அது அன்னைக்கி எடுத்த படம். இப்ப நீங்க இங்க ஒக்காந்திருக்கிறது அக்காவுக்குத் தெரியாதும்மா. எந்திரிங்க, கதவச் சாத்துவோம்.”

“அது தெரியும்டா எனக்கு” என்றார் அம்மா, எழும்பாமலே. “புள்ள வந்து கதவத் தொறக்கச் சொல்ற நேரத்துல, நான் இங்க இல்லாம இருக்கலாமா?”